வேலைக்குப் போகலேன்னா ராஜா எதுக்குப்பா போவார்?

2019 பிப்ரவரியில் ஒரு ராத்திரி. மூத்தவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் காலை சமூக அறிவியல் பரீட்சை. எங்கள் வீட்டில் கணக்கு, பௌதிகம் என்றால் என்னிடம் வருவார்கள், மற்றதெல்லாம் அம்மா இலாகா. அன்றைக்குப் பார்த்து அம்மா ஒரு சீருக்காக ஈரோடு போயிருந்தாள்.

"அப்பா, கொஞ்சம் வாங்களேன். இந்த ரஷ்யா சாப்டர் மண்டையில ஏறவே மாட்டேங்குது."

போனேன். புத்தகத்தை வாங்கி ரெண்டு பக்கம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கோனார் நோட்ஸ் காட்டிய வழியில் இறங்கினேன். ஒன்று, உலகப் போர். இரண்டு, உணவுத் தட்டுப்பாடு. மூன்று, தொழிலாளர் வேலைநிறுத்தம். நான்கு, சிப்பாய்கள் மக்கள் பக்கம் சேர்ந்தார்கள். ஐந்து, ஜார் முடி துறந்தார். ஐந்து பாயிண்ட், ஐந்து மார்க். எழுதிக்கோ, போய்த் தூங்கு.

அவள் எழுதவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள். "இவங்க வேலைக்குப் போகலேன்னா இவங்க சம்பளம்தானே போகும்? ராஜா எதுக்குப்பா போவார்?"

நியாயமான கேள்விதான். எனக்குப் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் காலேஜ்ல வரும், இப்ப பாயிண்ட் பாயிண்ட்டா எழுதினா மார்க் போடுவாங்க" என்று சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. காரணம் கேள்வி மட்டும் இல்லை. அந்தப் பாடத்தில் ஒரு கட்டம் போட்டு ஒரு பெண்ணைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்தே வயிற்றில் என்னவோ செய்துகொண்டிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு ஜார் விழுந்த கதை என்றாலே பாரதியார்தான். 'புதிய ருஷ்யா' பாட்டை ஆறாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி எவர்சில்வர் டம்ளர் வாங்கியவன் நான். பாண்டிச்சேரியில் உட்கார்ந்துகொண்டு அந்த மனுஷன் எவ்வளவு சீக்கிரம் விஷயத்தைப் பிடித்துவிட்டார் என்பது ஆச்சரியம்தான். ஆனால் அவர் அதைப் பராசக்தியின் கடைக்கண் கணக்கில் எழுதிவிட்டார். ரொட்டிக்கடை வாசலில் நின்ற பெண்களும், லேத்தை நிறுத்திவிட்டு இறங்கிய ஆட்களும் அந்தப் பாட்டு வழியாக எனக்கு வந்து சேரவில்லை. அவர்களை நான் நாற்பது வயதுக்கு மேல், ஏழெட்டுப் புத்தகங்களைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். சரித்திரம் படித்தவர்கள் இதில் தப்பு கண்டுபிடித்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் மெக்கானிக்கல், வயிற்றுப் பிழைப்பு ப்ரொடக்ஷன் பிளானிங். இருபத்தஞ்சு வருஷமாகப் புனேயில் எந்த மெஷினில் எந்தப் பாகம் எப்போது ஓடவேண்டும் என்று அட்டவணை போடுகிற வேலை. அந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

முதலில் தேதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரஷ்யாவில் அப்போது பழைய ஜூலியன் காலண்டர். மற்ற நாடுகளைவிடப் பதின்மூன்று நாள் பின்னால் இருக்கும். நம் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சனிப்பெயர்ச்சி வேறு வேறு நாளில் வருகிற மாதிரி. அதனால்தான் நமக்கு மார்ச்சில் நடந்த புரட்சி அவர்களுக்குப் பிப்ரவரிப் புரட்சி. கீழே நான் சொல்வதெல்லாம் அவர்கள் தேதி.

1914-ல் போர் தொடங்கியதும் தலைநகரின் பெயர் ஜெர்மன் வாடை அடிக்கிறதென்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைப் பெத்ரோகிராத் ஆக்கினார்கள். (பெயர் மாற்றும் வியாதி நமக்கு மட்டும் இல்லை!) அந்த ஊரில் போருக்கு முன் ஆலைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2,40,000 பேர். 1917 தொடக்கத்தில் ஏறத்தாழ 3,90,000. பீரங்கி, குண்டு, ரயில் பெட்டி, டெலிபோன் எல்லாம் அங்கேதான். அதில் பெரும்பாலானவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்கிற பெரிய பெரிய ஆலைகளில். புத்திலோவ் ஆலை ஒன்றில் மட்டுமே ஏறக்குறைய முப்பதாயிரம் பேர். ஆண்களைப் படைக்கு இழுத்துக்கொண்டு போனதால் ஆலைகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகிவிட்டார்கள். ரஷ்யா மொத்தமாகப் படைக்கு எடுத்த ஆண்கள் ஒன்றரைக் கோடிக்குக் குறையாது.

இப்போது என் பிளானிங் மூளைக்கு மிகவும் பிடித்த இடம். ஆலை எல்லாம் போருக்கு வேலை செய்கிறது. அதனால் கிராமத்துக்கு வேண்டிய ஆணி, கலப்பைக் கொழு, துணி எதுவும் வருவதில்லை. அரசாங்கம் நோட்டு அடித்துத் தள்ளுகிறது, விலை ஏறுகிறது. காகிதப் பணத்தை வைத்துக்கொண்டு வாங்க ஒன்றும் இல்லாதபோது குடியானவன் தானியத்தை எதற்கு விற்கவேண்டும்? வீட்டிலேயே வைத்துக்கொள்கிறான். விற்ற தானியத்தையும் கொண்டுவர வேண்டிய ரயில், படைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. என்ஜின்கள் தேய்ந்துபோய்விட்டன, பழுதுபார்க்க ஆளும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை. 1917 குளிர்காலம் மிகக் கொடுமையானது. பனியில் தண்டவாளம் மூடி வண்டிகள் ஆங்காங்கே நின்றன. ஆக, குண்டு செய்கிற ஊருக்கு ரொட்டி வரவில்லை, காரணம் அந்த ஊர் குண்டு மட்டுமே செய்கிறது. வட்டம் சுற்றிவந்து தன் வாலையே கடிக்கிறது. இதை எந்தப் போலீஸ் கமிஷனரும் தடியால் சரிசெய்ய முடியாது.

அந்த ஊரில் வேலைநிறுத்தம் புதிது இல்லை. 1905-ல் ஜனவரி 9 அன்று மனு கொடுக்கப்போன கூட்டத்தைச் சுட்டார்கள் அல்லவா, அதன் நினைவு நாளில் 1917-லும் ஒரு லட்சத்துக்கு மேல் நிறுத்தினார்கள். பிப்ரவரி 18-ல் புத்திலோவில் ஒரு பகுதி ஆட்கள் கூலி உயர்வு கேட்டு உட்கார்ந்தார்கள். 22-ஆம் தேதி நிர்வாகம் கதவை இழுத்துப் பூட்டிவிட்டது. முப்பதாயிரம் பேரைத் தெருவில் விட்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதே 22-ஆம் தேதி ஜார் நிக்கோலாஸ் தலைநகரை விட்டு மொகிலெவ் என்ற ஊரிலிருந்த படைத் தலைமையகத்துக்கு ரயிலேறிவிட்டார். 1915-லிருந்து அவரே தலைமைத் தளபதி என்று பட்டம் சூட்டிக்கொண்டிருந்தார். தோற்றால் பழி நேரே தன் தலையில் விழும் என்று மந்திரிகள் சொல்லியும் கேட்கவில்லை.

மறுநாள் 23. நமக்கு மார்ச் 8, மகளிர் தினம்.

இப்போதெல்லாம் மார்ச் 8 வந்தால் எங்கள் கம்பெனியில் பெண்களுக்கு ஒரு ரோஜாப் பூவும் ஒரு சாக்லேட்டும் கொடுப்பார்கள். அன்று பெத்ரோகிராதில் நடந்தது வேறு. விபோர்க் பகுதியில் நெசவாலைப் பெண்கள் காலையிலேயே வேலையை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் தறியில் நின்றுவிட்டு, அதன் பிறகு ரொட்டிக்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்று, கடைசியில் தீர்ந்துபோச்சு என்று கேட்டுக்கொண்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். மார்ச்சிலிருந்து ரேஷன் என்று வேறு சேதி. இருப்பவர்கள் வாங்கிப் பதுக்க, இல்லாதவர்களுக்கு வரிசை இன்னும் நீண்டது. அவர்கள் பக்கத்திலிருந்த இரும்பாலைகளின் ஜன்னல்களில் பனிக்கட்டியை எறிந்து ஆண்களையும் வெளியே கூப்பிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் புரட்சி பேசிக்கொண்டிருந்த கட்சிக்காரர்கள் முந்தின நாள்தான் இந்தப் பெண்களிடம் "இப்போ வேண்டாம், பொறுங்கள்" என்று சொல்லியிருந்தார்கள். லெனின் அப்போது ஸூரிச்சில். அந்த ஜனவரியில்தான் இளைஞர் கூட்டம் ஒன்றில், எங்களைப் போன்ற பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போது அது வருமா தெரியவில்லை என்கிற தொனியில் பேசியிருந்தார். யாரும் நாள் குறித்து நடத்தியதில்லை.

அன்று நிறுத்தியவர்கள் ஏறத்தாழ 90,000 பேர். அடுத்த நாள் அது ஏறக்குறைய இரட்டிப்பு. 25-ஆம் தேதி ஊரே நின்றுவிட்டது. டிராம் இல்லை, பேப்பர் இல்லை. பாலங்களைப் போலீஸ் மறித்தபோது, உறைந்து கிடந்த நேவா ஆற்றின் மேலேயே நடந்து நகரத்துக்குள் வந்தார்கள். மகாராணி தன் கணவருக்கு எழுதிய கடிதத்தில், இது ரவுடிப் பையன்களும் பெண்களும் செய்கிற கலாட்டா, குளிர் கடுமையாக இருந்திருந்தால் வீட்டிலேயே கிடந்திருப்பார்கள் என்று எழுதினார். கபாலவ் என்ற ராணுவ ஜெனரலோ, மாவு போதுமான அளவு இருக்கிறது என்று சுவரொட்டி ஒட்டினார். அவர் முழுப் பொய் சொல்லவில்லை, கிடங்கில் கொஞ்சம் இருந்திருக்கிறது. வரிசையில் நிற்கிறவளுக்குக் கிடங்குக் கணக்கு எதற்கு? கையில் ரொட்டி இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். (எங்கள் ஸ்டோர்ஸில்கூட சிஸ்டத்தில் நானூறு இருக்கும், ராக்கில் ஒன்று இருக்காது. கபாலவின் சங்கடம் எனக்குப் புரிகிறது.)

இனிமேல்தான் என் பெண்ணின் கேள்விக்கு உண்மையான பதில் தொடங்குகிறது.

மூன்று லட்சம் பேர் வேலையை நிறுத்தியதால் மட்டும் ஜார் போய்விடவில்லை. 1905 அக்டோபரில் அதைவிடப் பெரிதாக, நாடு முழுக்க ரயில்களே நின்றுபோன வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது ஜார் ஒரு பிரகடனம் கொடுத்து, நாடாளுமன்றம் மாதிரி ஒரு துமாவைக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். டிசம்பரில் மாஸ்கோ எழுந்தபோது காவல் படையை அனுப்பி நசுக்கினார். அது எப்படி முடிந்தது? ஜப்பானோடு நடந்த போர் அதற்கு முன்பே சமாதானமாகிவிட்டது. படையில் சலசலப்பு இருந்தாலும் மொத்தத்தில் சொன்ன பேச்சைக் கேட்டது.

1917-ல் போர் முடியவில்லை. முடியாத போர் என்றால் என்ன அர்த்தம் என்று பாருங்கள். நல்ல பயிற்சி பெற்ற பழைய படை முதல் வருஷங்களிலேயே மண்ணுக்குள் போய்விட்டது. தலைநகர் பாரக்ஸ்களில் அடைபட்டிருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் யார்? புதிதாகப் பிடித்துவந்த பையன்கள், பிள்ளைகுட்டிக்கார நடுவயசுக்காரர்கள், காயம் ஆறி மறுபடி போர்முனைக்குப் போகக் காத்திருப்பவர்கள். வேலைநிறுத்தம் செய்ததற்குத் தண்டனையாக ஆலையிலிருந்து தூக்கிச் சிப்பாயாக்கப்பட்டவர்களும் அதில் உண்டு. 1916 அக்டோபரிலேயே விபோர்க்கில் வேலைநிறுத்தக்காரர்களைப் போலீஸ் அடித்தபோது, பக்கத்து பாரக்ஸ் சிப்பாய்கள் போலீஸ் மேல் பாய்ந்திருக்கிறார்கள். மணி அடித்துவிட்டது. கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கவில்லை.

போலீஸோ சில ஆயிரம் பேர்தான். ஆலை மூடி ஜனம் தெருவில் இறங்கிவிட்டால், அடுத்த நாளே சிப்பாயைக் கூப்பிடாமல் முடியாது. ஜனம் செய்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. எதிரே சிப்பாயைக் கொண்டுவந்து நிறுத்த வைத்தார்கள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். பெண்கள் போய்த் துப்பாக்கி முனையைப் பிடித்துக்கொண்டு, என் புருஷனும் போர்முனையில்தான் இருக்கிறான் என்கிறார்கள். கஸாக் குதிரைப்படை கூட்டத்தின் மேல் பாயாமல் மெதுவாக ஊடே நடக்க, தொழிலாளிகள் குதிரை வயிற்றுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போகிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

25 இரவு ஜாரிடமிருந்து தந்தி. போர் நடக்கும் நேரத்தில் இதை அனுமதிக்க முடியாது, நாளைக்குள் ஒழுங்குபடுத்து. பல நூறு கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டு நாளைக்குள் முடி என்கிற மேலதிகாரியை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கபாலவுக்கு வேறு வழியில்லை. 26 ஞாயிற்றுக்கிழமை சுட்டார்கள். ஸ்னாமென்ஸ்காயா சதுக்கத்தில் மட்டும் நாற்பது பேர் அளவில் செத்தார்கள். அன்று மாலை அரசாங்கம் ஜெயித்துவிட்டது போலத்தான் இருந்தது. துமாவின் தலைவர் ரோட்ஸியான்கோ நிலைமை மோசம் என்று ஜாருக்குத் தந்தி அடித்தார். அந்தத் தடியன் ஏதோ உளறியிருக்கிறான், நான் பதில் சொல்லப்போவதில்லை என்கிற மாதிரி ஜார் சொல்லிவிட்டாராம்.

சதுக்கத்தில் சுட்டது வொலின்ஸ்கி ரெஜிமெண்ட்டின் பயிற்சிப் பிரிவு. அந்தச் சிப்பாய்கள் ராத்திரி பாரக்ஸில் தூங்கவில்லை. கிர்பிச்னிகோவ் என்ற சார்ஜண்ட் முன்னால் நின்று, நாளைக்கு நாம் சுடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். 27 காலை தளபதி வந்தான், ஆணையைப் படித்தான், இவர்கள் மறுத்தார்கள், அவன் வெளியேறும்போது சுட்டுக் கொன்றார்கள். அதற்கு மேல் திரும்பிப் போக வழி கிடையாது, தூக்குக் கயிறுதான். ஆகவே பக்கத்து ரெஜிமெண்ட்டையும் கூப்பிட ஓடினார்கள், ஒன்றிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. அன்று சாயங்காலம் கபாலவின் கையில் சொற்பப் பேர்தான் மிச்சம். ஊரடங்கு மாதிரி ஒரு முற்றுகை நிலைப் பிரகடனம் அச்சடித்தார்கள். ஒட்டுவதற்குப் பசையும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. வேலிக் கம்பியில் குத்தி வைத்த காகிதங்கள் காற்றில் பறந்து பனியில் விழுந்தன. முந்நூற்று நான்கு வருஷ வம்சம், கடைசியில் ஒரு டப்பா பசை கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகும் ஜார் தப்பித்திருக்கலாம். போர்முனையில் லட்சக்கணக்கில் படை இருந்ததே, அதிலிருந்து அனுப்பினால் ஒரு நகரத்தைப் பிடிக்க முடியாதா? ஒரு ஜெனரலை அனுப்பவும் செய்தார்கள். ஆனால் ரயில்வே அமைச்சகமும் தந்திக் கம்பியும் துமா ஆட்கள் கைக்குப் போய்விட்டன. வீட்டுக்குத் திரும்பப் புறப்பட்ட ஜாரின் ரயிலே வழியில் மாலயா விஷேரா ஸ்டேஷனில் திரும்பி, சுற்றிக்கொண்டு, மார்ச் 1 மாலை ப்ஸ்கோவ் வந்து நின்றது. நாடு முழுதும் தனக்குச் சொந்தம் என்று நினைத்தவருக்குத் தன் ஊருக்கு ஒரு லைன் கிளியர் கிடைக்கவில்லை.

தளபதி அலெக்ஸேயெவ் மற்ற தளபதிகளுக்கு அனுப்பிய தந்திதான் எனக்குச் சாவி மாதிரிப் பட்டது. அதன் சாரம் இதுதான். போர்முனையில் இருக்கும் படைக்குச் சாப்பாடும் குண்டும் ரயிலில் வருகிறது. ரயில் இப்போது பெத்ரோகிராதின் கையில். குண்டு செய்கிற ஆலைகளும் அங்கே. அவர்களோடு மோதினால் போரை நடத்த முடியாது. போர் வேண்டுமானால் ஜார் இறங்கவேண்டும். கேட்கப்பட்ட தளபதிகளில் ஜாரின் சொந்தச் சித்தப்பா முறையான கோமகன் நிக்கோலாயும் உண்டு. ஒருவர்கூட இருங்கள் என்று சொல்லவில்லை. மார்ச் 2 அன்று ரயில் பெட்டியிலேயே கையெழுத்து. தனக்கும், நோயாளி மகனுக்கும் சேர்த்து விலகித் தம்பி மிஹாயிலுக்குக் கொடுத்தார். மறுநாள் தம்பியும் வேண்டாம் என்றுவிட்டார். 1613-ல் தொடங்கியது 1917-ல் முடிந்தது. அடுத்து வந்தவர்கள் போரை நிறுத்தாததால் எட்டு மாதத்தில் அவர்களும் போனார்கள், அது வேறு கதை.

ஆக, கண்ணு, நீ கேட்டது சரிதான். வேலைக்குப் போகாவிட்டால் முதலில் போவது இவர்கள் சம்பளம். சமாதான காலத்தில் முதலாளி பூட்டிவிட்டுக் காத்திருப்பான், பசி வந்தால் திரும்பி வருவார்கள் என்று. போர்க்காலத்தில் அந்தக் காத்திருப்பு நடக்காது. குண்டு இன்றைக்கே வேண்டும். கடைசல்காரனைப் போர்முனைக்கு அனுப்பினால் குண்டு செய்ய ஆளில்லை.

அனுப்பிப் பார்த்தவர்களும் உண்டு. 1918 ஜனவரியில் பெர்லினில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் நிறுத்தினார்கள். ஜெர்மானிய ராணுவம் ஆலைகளைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, பல்லாயிரம் பேரைப் பிடித்துப் போர்முனைக்கு அனுப்பி ஒரு வாரத்தில் அடக்கிவிட்டது. அப்படிப் போனவர்கள் தங்கள் பேச்சையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நவம்பரில் கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கலகம் செய்து, 9-ஆம் தேதி பெர்லின் ஆலைகள் மறுபடி நின்றபோது, கைசருக்காகச் சுட ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் அவர் ஹாலந்து எல்லையைத் தாண்டிவிட்டார்.

சரி, அந்தக் கட்டம் போட்ட பத்து வரிக்கு வருகிறேன்.

மார்ஃபா வசீலியெவா என்று ஒரு பெண். லாரன்ஸ் டெலிபோன் ஆலையில் மில்லிங் மெஷின் ஆபரேட்டர். அந்த மகளிர் தினத்தன்று அவள் தன் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றாள். ஃபோர்மேன் அவளுக்கு ஒரு ரொட்டி அனுப்பினான். ரொட்டியை வாங்கிக்கொண்டாள், வேலைக்கு மட்டும் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, மற்றவர்கள் பசியோடு இருக்கும்போது தான் மட்டும் வயிறு நிறைந்திருக்க முடியாது என்றாளாம். மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். அப்புறம் ஆண்கள்.

மில்லிங் மெஷின் என்ற வார்த்தையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் புனே வந்து சேர்ந்த புதிதில், போசரி பக்கம் ஒரு கம்பெனியில் மில்லிங் செக்ஷனில் போட்டார்கள். அங்கே ஒரு மராத்தி பெரியவர். எல்லாரும் காகா என்பார்கள். காகா என்றால் அவர்கள் பாஷையில் சித்தப்பா. (ஊருக்குப் போன் பண்ணி "காகாகிட்ட வேலை கத்துக்கறேன்" என்றதும் அம்மா "காக்காகிட்டயா?" என்றது தனிக்கதை.) டிப்ளமாவில் நான் படித்தது ஒன்று, அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்று. கட்டர் மழுங்கினால் அளவுக் கருவிக்குத் தெரியும் முன்னே சத்தத்தில் தெரியும் என்று காதைப் பிடித்துத் திருப்பிக் கேட்க வைத்தவர். எனக்கு ஹிந்தி வராத காலத்தில் வாடகை வீடு பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

2009-ல் அங்கே வேலைநிறுத்தம். கான்ட்ராக்ட் பையன்களை நிரந்தரமாக்கு என்பது கோரிக்கை. காகா நிரந்தர ஊழியர், ஓய்வுக்கு ஒன்பது வருஷம் பாக்கி. அந்தக் கோரிக்கையில் அவருக்குப் பத்துப் பைசா லாபம் கிடையாது. மூன்றாம் நாள் நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, நீங்கள் உள்ளே வந்தால் சூப்பர்வைசர் பதவி என்றது. டீ குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் அதற்குள் ஸ்டாஃப். உள்ளே இருந்தேன். பதினோரு ராத்திரி ஆபீஸ் தரையிலேயே படுத்து, டை கட்டின நாங்களே மெஷின் ஓட்டினோம். அப்பா போன் செய்தார். அவர் கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் இருந்தவர். நான் மூன்றாவது படிக்கும்போது மில் ஸ்ட்ரைக்கில் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது எனக்கு நினைவிருக்கிறது.

"எங்க கண்ணு இருக்கறே, உள்ளயா?"

"ஆமாங்ப்பா."

"சோறு?"

"கேன்டீன்லயே போட்டர்றாங்கப்பா."

"செரி" என்று வைத்துவிட்டார். 2014-ல் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருபதாம் நாள் வாக்கில் எங்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு, உங்கள் செக்ஷனில் முன்னால் நிற்பவர்கள் யார் யார், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது. மூத்தவளுக்கு நாலு வயது. ஆறு பேர் எழுதினேன். நான்காவது பெயர் காகா. இருபத்தேழாம் நாள் எல்லாம் முடிந்தது. கான்ட்ராக்ட் பையன்கள் போனார்கள், அந்த ஆறு பேருக்கு விசாரணை, பிறகு கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். நான் அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன்.

போன மாதம் பெண்ணிடம் போனில் பேசும்போது இதெல்லாம் வந்தது. இப்போது பெங்களூரில் வேலைக்குப் போகிறாள். ஜார் கதையை மேலே சொன்ன மாதிரி முழுசாகச் சொன்னேன். ஏழு வருஷம் கழித்து வந்த பதில் என்று சிரித்தாள். "அப்ப முக்கியம், அந்த சோல்ஜர்ஸ் என்ன பண்ணாங்கங்கறதுதான் இல்லப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் மார்ஃபாவையும் காகாவையும் சொன்னேன். அந்தப் பட்டியலையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அவர் இப்ப எங்க இருக்கார்ப்பா?"

தெரியும். தளவடேயில் அவர் பையன் ஒரு பழைய மில்லிங் மெஷினை வாங்கிப் போட்டு ஜாப் வொர்க் செய்கிறான். அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், வண்டியை நிறுத்தியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டில் சுட்ட முறுக்கு ஒரு டப்பா கையில். ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். அடையாளம் கண்டுகொள்ள ஒரு வினாடிகூட ஆகவில்லை. பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார், குழந்தைகளைப் பற்றிக் கேட்டார், முறுக்கைப் பிட்டுப் பார்த்து இது உங்கள் ஊர்ச் சக்லி என்றார். நான் டீ ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு, ஒருவழியாக, காகா, அன்றைக்கு அந்தப் பட்டியல் என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கி என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"நீ சொல்லு, கட்டர் எப்படி இருக்கு?"

நானும் கேட்டேன். மழுங்கியிருந்தது. சொன்னேன். அவர் உள்ளே பார்த்து, மெஷினை நிறுத்தச் சொல்லிப் பையனுக்குக் குரல் கொடுத்தார்.